அலையைச் சந்தேகிக்கும் முன் புரோபைச் சரிபாருங்கள்

காரைக்குடியில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் வைத்திருக்கிறேன். எனக்கு வரும் வேலையில் பாதி புதுவயல் அரிசி ஆலைகளிலிருந்து வருகிறது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், எடை மெஷின், அப்புறம் கலர் சார்ட்டர். சரிவில் வழியும் அரிசியைக் கேமரா பார்த்து, கறுத்த அரிசி வந்தால் அதை மட்டும் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம் அது. அறுவடை நேரத்தில் அது நின்றால் ஆலையே நின்ற மாதிரிதான்.

சில வருஷங்களுக்கு முன், தை மாசத்தில், அப்படி நின்றுபோன ஒரு சார்ட்டரின் பவர் சப்ளை போர்டு என் மேஜைக்கு வந்தது. மின்சாரத்தை வேகமாகப் போட்டு அணைக்கும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் போயிருந்தது. புதுசு போட்டேன், அரை மணி நேரம் ஓடி மறுபடியும் போனது. ஏன் போகிறது என்று பார்க்க, மெயின்ஸோடு நேரடித் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்சாரம் கொடுத்து, சிக்னலின் அலையைத் திரையில் வரையும் ஆசிலோஸ்கோப்பை (ஸ்கோப்) எடுத்து, தொட்டு அளக்கும் அதன் புரோபால், மாஸ்ஃபெட்டைப் போட்டு அணைக்கும் கேட் பல்ஸைப் பார்த்தேன். அடியிலிருந்து உச்சி வரை 17 வோல்ட் இருந்தது. அந்தப் பல்ஸைத் தரும் டிரைவர் ஐசியின் சப்ளையே 15 வோல்ட்தான். மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் சப்ளை 15.1 என்று காட்டியது.

அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். 15 வோல்ட் சப்ளையில் ஓடும் ஐசி 17 வோல்ட் பல்ஸை எங்கிருந்து கொண்டுவரும்? ஆனால் அன்று என் மனசு வேறு கணக்குப் போட்டது. மல்டிமீட்டர் சராசரியைத்தான் சொல்லும், சப்ளை நடுநடுவே ஏறுகிறது போல, ஸ்கோப்தான் உண்மையைக் காட்டுகிறது என்று நினைத்தேன். வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ஜீனர் டயோடை மாற்றினேன். ஐசியை மாற்றினேன். 17 அப்படியே நின்றது. ஆலைக்காரர் இரண்டு முறை போன் செய்தார். “தம்பி, களத்துல மூட்டை அடுக்கிக் கிடக்கு, என்னன்னு பாருங்க” என்றார். “நாளைக்கு முடிச்சுத் தந்துடுறேன் அண்ணே” என்று இரண்டு நாளும் சொன்னேன்.

மூன்றாம் நாள் நண்பரின் கடைக்குப் போர்டைக் கொண்டுபோய் அவருடைய ஸ்கோப்பில் பார்த்தோம். சரியாக 15. என் கடைக்குத் திரும்பி வந்து, என் புரோபை எடுத்து, புரோபைச் சோதிக்கச் சதுர அலை தருவதற்கென்றே ஸ்கோப்பின் முகப்பில் இருக்கும் கேலிபிரேஷன் முனையில் மாட்டினேன். தட்டையாக நிற்க வேண்டிய சதுர அலையின் ஒவ்வொரு முனையிலும் ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு முளைத்த மாதிரி ஒரு கூர் எழும்பி, மெல்லச் சரிந்து இறங்கியது. அந்தப் புரோப் என் பழைய ஸ்கோப்பில் இருந்தது. புது ஸ்கோப் வாங்கியதும் அப்படியே கழற்றி இதில் மாட்டி வேலையைத் தொடங்கியிருந்தேன். சரிசெய்யவே இல்லை.

உண்மையான கோளாறு கேட் பக்கமே இல்லை. மாஸ்ஃபெட்டின் டிரெய்ன் முனையில், வோல்ட்டேஜ் அடியைத் தணிக்கும் ஸ்னப்பர் என்ற பகுதியில் ஒரு ரெசிஸ்டர் ஓபன் ஆகி, உள்ளே அறுந்திருந்தது. ஒவ்வொரு முறை மாஸ்ஃபெட் அணையும்போதும் எழும் அடியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் அது செத்துக்கொண்டிருந்தது. சில ரூபாய்ப் பொருள். அந்த வேலைக்கு நான் கூலி வாங்கவில்லை. ஆனால் ஆலைக்காரருக்குப் போன இரண்டு நாளை நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

இதை எழுதுவதற்குக் காரணம், அதே தப்பை எல்லா இடத்திலும் பார்க்கிறேன். சர்வீஸ் கடையிலும் பார்க்கிறேன், என்னிடம் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் பார்க்கிறேன். நல்ல விலை கொடுத்து ஸ்கோப் வாங்குகிறார்கள். புரோபை வெறும் வயர் என்று நினைக்கிறார்கள்.

அது வயர் இல்லை. 10 எக்ஸ் நிலையில் இருக்கும் சாதாரண புரோபின் முனையில் 9 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. ஸ்கோப்பின் உள்ளே 1 மெகாஓம். இரண்டும் சேர்ந்து சிக்னலைப் பத்தில் ஒன்றாகப் பங்கு வைக்கின்றன. மாறாமல் நிற்கும் டிசி வோல்ட்டேஜுக்கு இது போதும். ஆனால் ஸ்கோப்பின் வாயிலில் கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் தன்மை) இருக்கிறது, புரோப் கேபிளுக்கும் சேர்த்தால் கிட்டத்தட்ட 100 பிக்கோஃபாரட் வரும். வேகமாக மாறும் சிக்னல் ரெசிஸ்டர் வழியே போகாது, கெப்பாசிட்டர் வழியைத்தான் பிடிக்கும். அந்த வழியிலும் சரியாகப் பத்தில் ஒன்றாகப் பிரியவேண்டும். அதற்காக 9 மெகாஓமுக்கு இணையாக ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். இரண்டு வழியும் ஒரே கணக்கில் பிரியும்படி திருகிச் சரிசெய்ய ஒரு ட்ரிம்மரும் உண்டு. சில புரோபில் அது தலைப்பக்கம் இருக்கும், சிலதில் ஸ்கோப்பில் மாட்டும் பி.என்.சி. பக்கம்.

என் பழைய ஸ்கோப்பின் முகப்பில் 30 பிக்கோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும். புதுசில் 15. வித்தியாசம் 15 பிக்கோஃபாரட்தான், ஆனால் வேகமான சிக்னலின் பங்கீடு ஏறக்குறைய 14 சதவீதம் மாறிவிட்டது. 15 வோல்ட் 17 ஆன கதை இதுதான்.

இதில் ரொம்ப ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. கேலிபிரேஷன் முனையில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த கொம்பு, என் கேட் பல்ஸில் தெரியவே இல்லை. ஏன்? இந்தப் பிழை சரிந்து அடங்க 100 மைக்ரோசெகண்ட் அளவில் நேரம் எடுக்கும். கேலிபிரேஷன் அலை 1 கிலோஹெர்ட்ஸ். அதன் ஒவ்வொரு மேட்டுக்கும் 500 மைக்ரோசெகண்ட் இருக்கிறது, அதனால் கொம்பு எழுந்து விழுவது முழுதாகக் கண்ணில் படுகிறது. அந்தப் பவர் சப்ளையோ 65 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. ஒரு பல்ஸுக்கு 6 மைக்ரோசெகண்ட்தான். கொம்பு சரியத் தொடங்குவதற்குள் பல்ஸே முடிந்துவிடும். எனவே உச்சி தட்டையாக, முனை கூராக, பார்க்க அழகான பல்ஸ்தான் தெரியும். உயரம் மட்டும் பொய். திரையில் இன்னொரு தடயமும் இருந்தது: பல்ஸின் அடிப்பகுதி சுழியத்துக்குக் கீழே ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கு, இறங்கக் காரணமில்லாத பல்ஸ் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் என் கை புரோபுக்குத்தான் போகும்.

அதே புரோபால் சப்ளை பின்னைத் தொட்டிருந்தால் 15 என்று சரியாகவே காட்டியிருக்கும். டிசியில் பிழை இல்லை. சைன் அலையும் இப்படித்தான். 50 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை எவ்வளவு கெட்டுப்போன புரோபில் வைத்தாலும் சைனாகவே தெரியும், உயரம் மட்டும் மாறியிருக்கும். வடிவத்தைப் பார்த்து நம்புகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். புரோபின் குணத்தைக் காட்டிக்கொடுப்பது மெதுவான சதுர அலை ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மராமத்து வேலை ஓயாது. ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கொத்தனாரைப் பார்த்திருப்பீர்கள். ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்ப்பார். அப்புறம் மட்டத்தையே முன்பின்னாகத் திருப்பி அதே இடத்தில் வைத்து மறுபடி பார்ப்பார். இரண்டு தடவையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் ரசமட்டத்தை நம்பி அடுத்த கல்லை எடுப்பார். அவருக்கு யாரும் அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில்லை.

சரி, எப்படிச் செய்வது? எந்தச் சானலில் அளக்கப் போகிறீர்களோ அதில் புரோபை மாட்டுங்கள். புரோபில் உள்ள ஸ்விட்சை 10 எக்ஸில் வையுங்கள், ஸ்கோப்பின் மெனுவிலும் 10 எக்ஸ் என்றே சொல்லுங்கள். இந்த இரண்டும் ஒத்துப்போகாமல் பத்து மடங்கு தப்பாகப் படித்தவர்கள் பலர். சானலை டிசி கப்ளிங்கில் (சிக்னலின் டிசி பகுதியையும் காட்டும் நிலை) விடுங்கள். முனையைக் கேலிபிரேஷன் கொக்கியில் மாட்டி, கிரவுண்ட் கிளிப்பைப் பக்கத்திலிருக்கும் கிரவுண்டில் கவ்வுங்கள். நேரத்தை ஒரு கட்டத்துக்கு 200 மைக்ரோசெகண்ட் என்று வைத்தால் இரண்டு மூன்று அலை தெரியும். உயரத்தைத் திரையில் முக்கால்வாசி வரும்படி பெரிதாக்குங்கள். சின்னதாக வைத்துப் பார்த்தால் எல்லாப் புரோபும் சரியாகத்தான் தோன்றும்.

இப்போது மேட்டின் இடது முனையை மட்டும் பாருங்கள். வட்டமாக மழுங்கி, மெல்ல மேலேறித் தட்டையானால் ஈடு, அதாவது ட்ரிம்மர் செய்யும் சரிக்கட்டல், குறைவு. கொம்பாக எழும்பிச் சரிந்தால் ஈடு அதிகம். ட்ரிம்மரைத் துளித்துளியாகத் திருப்புங்கள். பல ட்ரிம்மர்களுக்கு நிற்கும் இடம் என்று ஒன்று கிடையாது, அரைச் சுற்றிலேயே மழுங்கலிலிருந்து கொம்புக்குப் போய்விடும், இன்னும் சுற்றினால் திரும்பி வரும். புரோபோடு வரும் பிளாஸ்டிக் திருப்புளியால் செய்யுங்கள். இரும்புத் திருப்புளியை வைத்தால் அந்த இரும்பும் உங்கள் கையும் கெப்பாசிட்டன்ஸைக் கூட்டும், திரையில் முனை தட்டையாக நிற்கும், திருப்புளியை எடுத்ததும் ஆடிவிடும். பிளாஸ்டிக் திருப்புளி தொலைந்துபோயிருந்தால் கேபிள் டையின் நுனியைப் பிளேடால் சீவிக்கொள்ளுங்கள், நான் பல மாசம் அப்படி ஓட்டியிருக்கிறேன். திருப்பி முடித்ததும் கையை எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். எல்லாம் சேர்த்து அரை நிமிஷ வேலை.

சானல் மாறினால் மறுபடி செய்யவேண்டும். ஒரே ஸ்கோப்பிலேயே இரண்டு சானலின் கெப்பாசிட்டன்ஸ் துல்லியமாக ஒன்றாக இருக்காது. புரோபோடு வரும் வண்ண வளையங்களைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். மஞ்சள் வளையம் போட்டது முதல் சானலுக்கு, நீலம் இரண்டாம் சானலுக்கு என்று கட்டிவிட்டால் குழப்பமில்லை.

ட்ரிம்மர் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்றும் நினைத்துவிடாதீர்கள். வேகமான பல்ஸின் முனையில் நாலைந்து சிற்றலை துடித்து அடங்குவதைப் பார்த்து ட்ரிம்மரைத் திருகுகிறவர்கள் உண்டு. என்னிடம் இருந்த பையன் ஒருவன் அந்தத் துடிப்பு கண்ணில் படாத வரை திருகி, “இப்ப சரியாயிடுச்சுண்ணே” என்றான். துடிப்பு சின்னதானது உண்மை. அதோடு எல்லா அளவும் சின்னதாகிவிட்டது. அந்தத் துடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கிரவுண்ட் வயர். ஒரு மில்லிமீட்டருக்குத் தோராயமாக 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் என்று கணக்குப் போட்டால், புரோப் முனையின் 12 பிக்கோஃபாரட்டோடு சேர்ந்து 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அது தானாகவே அதிரும். வயரைக் கழற்றிவிட்டு, புரோபோடு கொடுக்கும் சின்ன ஸ்பிரிங் கிரவுண்டை முனையிலேயே மாட்டிப் பாருங்கள். துடிப்பு போய்விட்டால் அது சர்க்யூட்டில் இருந்ததே இல்லை.

சிக்னலைக் குறைக்காமல் அப்படியே விடும் 1 எக்ஸ் ஸ்விட்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஈடு செய்யும் ட்ரிம்மருக்கு வேலையில்லை, கேபிளின் 100 பிக்கோஃபாரட் முழுவதும் உங்கள் சர்க்யூட்டின் தலையில் விழும். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் காலை அப்படித் தொட்டு, ஆசிலேஷன் நின்றுபோய், மைக்ரோகண்ட்ரோலர் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். புரோபை எடுத்ததும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. சப்ளையின் மேல் ஓடும் மில்லிவோல்ட் அளவுச் சிற்றலையை (ரிப்பிள்) பார்ப்பது தவிர வேறெதற்கும் நான் 1 எக்ஸைத் தொடுவதில்லை.

அடுத்து வருவது உயிர் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மூன்று பின் பிளக்கில் ஓடும் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப், உள்ளே நேராக எர்த்தில் சேர்ந்திருக்கிறது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (இந்தச் சார்ட்டரில் இருப்பது போன்ற ஸ்விட்சிங் பவர் சப்ளை) மெயின்ஸோடு சேர்ந்த பிரைமரி பக்கத்து கிரவுண்ட் எர்த் கிடையாது. 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்து 325 வோல்ட் டிசி ஆன பக்கம் அது. அங்கே கிளிப்பைக் கவ்வினால் பிரிட்ஜ் டயோடு வழியாக மெயின்ஸ் நேரே எர்த்துக்குப் பாயும். போர்டு போகும், புரோப் போகும், ஸ்கோப்பும் போகலாம். இதற்குப் பயந்து ஸ்கோப்பின் எர்த் பின்னை உடைத்துவிட்டு அளப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்போது ஸ்கோப்பின் பி.என்.சி. உலோகம் முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும். ஒரு கை ஸ்கோப்பின் மேல், இன்னொரு கை ஆலையின் இரும்புச் சட்டத்தின் மேல் என்றால் பிழைப்பது கஷ்டம். போர்டுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், இல்லையென்றால் கிரவுண்ட் கிளிப் இல்லாமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் வாங்குங்கள். பழைய ஆலைகளில் எர்த்திங் எப்படி இருக்கிறது என்பதையும் அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

ட்ரிம்மரை முழுச் சுற்றுச் சுற்றியும் முனை தட்டையாகவில்லையா? அந்தப் புரோபும் அந்த ஸ்கோப்பும் பொருந்தவில்லை. புரோப் வந்த தாளில் எத்தனை முதல் எத்தனை பிக்கோஃபாரட் வரை ஈடு செய்யும் என்று போட்டிருக்கும், ஸ்கோப்பின் முகப்பில் அதன் அளவு போட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அளவு பொருந்தியும் சரியாகவில்லை என்றால் முனைக் கொக்கியைக் கழற்றிப் பாருங்கள். ஆலைக்குக் கொண்டுபோய் வரும் என் புரோபுகளில் தவிட்டுத் தூசி உள்ளே போய்க் கொக்கியின் தொடுகை கெட்டுவிடும், துடைத்து மாட்டினால் பாதி நேரம் சரியாகிவிடும்.

இப்போது என் கடையில் காலையில் ஸ்கோப்பைப் போட்டு, சூடாக இருபது நிமிஷம் விட்டு, அந்த நேரத்துக்குள் மேஜையைத் துடைத்து முடிக்கிறோம். முதல் போர்டைக் கையில் எடுக்கும் முன் இரண்டு புரோபும் கேலிபிரேஷன் முனைக்குப் போய் வரும். அந்த ஸ்னப்பர் ரெசிஸ்டரை ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஸ்கோப்பின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.