தற்கொலைப்படை: ஒற்றை மனிதன் எப்படிப் படை ஆவான்?

“பன்னாட்டுப் படை மீது தற்கொலைப்படை தாக்குதல்.” 1983-இன் பெய்ரூட் நிகழ்வைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அண்மையில் இப்படிப் படித்தேன். விவரம் தெரியாத ஒருவர் இதைப் படித்தால் இரண்டு சேனைகள் மோதிக்கொண்டன என்றுதானே நினைப்பார்?

நடந்தது வேறு. லெபனான் உள்நாட்டுப் போரின் நடுவே, அக்டோபர் 23, ஞாயிறு காலை 6.22 மணி. வெடிபொருள் நிரப்பிய லாரியை ஒரே ஒரு மனிதன் ஓட்டிவந்து, விமான நிலையத்தில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த நான்கு மாடிக் கட்டடத்துக்குள் பாய்ச்சி வெடிக்கச் செய்தான். பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்தனர். 241 அமெரிக்கர்கள் இறந்தனர். சில நிமிடங்களில் பிரெஞ்சு வீரர்களின் கட்டடமும் தகர்ந்து 58 பேர் மடிந்தனர். அங்கே இருந்த படை, செத்தவர்களின் படைதான்.

தன் + கொலை = தற்கொலை. பொற்குடம் போன்ற புணர்ச்சி. இதில் சிக்கல் இல்லை. சிக்கல் ‘படை’யில். பழந்தமிழில் அதற்கு ஆயுதம் என்றும் பொருள் உண்டு, ஆகவே ‘தற்கொலைப்படை’ என்பது தன்னைக் கொல்லும் ஆயுதம் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். குறளின் புலால் மறுத்தலில் வரும் ‘படைகொண்டார்’ ஆயுதம் ஏந்தியவரே, மறுக்கவில்லை. ஆனால் செய்தி எழுதுகிறவர் அந்தப் பொருளிலா எழுதுகிறார்? “தற்கொலைப்படையைச் சேர்ந்த ஒருவர்” என்று அடுத்த வரியிலேயே எழுதுகிறாரே! ஆயுதத்தை யாராவது ‘சேர்ந்து’ இருப்பார்களா? 1944-இல் ஜப்பான் விமானிகளைக் கொண்டு அமைத்த தாக்குதல் பிரிவுகளைத் தற்கொலைப்படை என்றால் தகும்; அவை உண்மையிலேயே படைப்பிரிவுகள். தனியாக வந்து வெடித்தவனுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டினால், இல்லாத சேனையை நாமே திரட்டிக் கொடுக்கிறோம்.

‘மனித வெடிகுண்டு’ம் இங்கே உதவாது. உடலில் குண்டைக் கட்டிவந்தவனுக்கு அது பொருந்தலாம். பெய்ரூட்டில் குண்டு லாரியில் இருந்தது. ஈழத்து இதழ்கள் எழுதும் ‘குண்டுதாரி’க்கும் இதே இடர்ப்பாடு, தரித்தவன்தானே தாரி.

இவற்றைவிட என்னை உறுத்துவது ‘தற்கொடை’. ஈழப்போரில் விடுதலைப் புலிகள் தற்கொலை என்ற சொல்லை விலக்கி இதை வழங்கினர். ‘லை’ போய் ‘டை’ வந்ததும் கொலை கொடையாகிவிடுகிறது. அரபியிலும் இதே இழுபறி உண்டு: தற்கொலைக்கு ‘இந்திஹார்’, ஆதரிப்போர் சொல்வதோ ‘இஸ்திஷ்ஹாத்’, உயிர்த்தியாகம். எதிர்த்திசையிலும் ஒருமுறை இழுத்தார்கள். 2002-இல் வெள்ளை மாளிகை, ‘தற்’ வேண்டாம், கொலைக்குண்டுத் தாக்குதல் என்றே சொல்வோம் என்றது. கொல்லாத குண்டு எது? தாக்கியவனும் சேர்ந்து சாகிறான் என்பதுதான் இந்த முறையின் தனி அடையாளம். அதை அழித்துவிட்டால் சொல் எதற்கு? போற்றவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

‘தற்கொலைக் குண்டுத்தாக்குதல்’ போதும். நீளம்தான். தலைப்பில் இடமில்லை என்றால் ‘தற்கொலைத் தாக்குதல்’ என்று சுருக்கலாம். ‘படை’யை நீக்கினால் உதவி ஆசிரியருக்கு இரண்டு எழுத்து மிச்சமும் ஆகும். செய்தவனைத் ‘தாக்குதல் நடத்தியவன்’ என்றாலே எவருக்கும் புரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே கட்டுரை “241 பேர் பலி” என்கிறது. தெய்வத்துக்குப் படைப்பது பலி. உறங்கிக்கொண்டிருந்தவர்களை யார், எந்தத் தெய்வத்துக்குப் படைத்தார்கள்? கொன்றவனுக்குக் கொடை, செத்தவர்களுக்குப் பலி என்று ஒரு வேள்வியையே நம் சொற்கள் நடத்திவிடுகின்றன. 241 பேர் கொல்லப்பட்டனர் என்று எழுதுங்கள்.