ஃபேன் சுற்றினால் பவர் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னது?

போன வாரம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. கம்ப்யூட்டர் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மாட்டுத்தாவணி வந்து இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருக்கிறான். கூடவே அவன் அப்பாவும் வந்திருந்தார்.

"அண்ணே, ஃபேன் எல்லாம் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரலண்ணே. பவர் ஓகேதான். போர்டு போயிருச்சுன்னு நினைக்கிறேன். புராசசரக் கூட மூணு தடவ கழட்டி மாட்டிப் பாத்துட்டேன்."

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். போர்டின், அதாவது மதர்போர்டின், மேல் இடது மூலையில், புராசசருக்கென்று தனியாகக் கரண்ட் போகும் 8 பின் கனெக்டர் காலியாக இருந்தது. அதில் செருக வேண்டிய வயர் கேபினெட்டின் பின்பக்கம் கட்டுக்கூடப் பிரிக்காமல் சுருண்டு கிடந்தது. அதை எடுத்துச் செருகியிருந்தால் இரண்டு நிமிட வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் மூன்று தடவை புராசசரைத் தூக்கி வைத்ததில், அது உட்காரும் சாக்கெட்டில் பின்கள் மடங்கிப் போயிருந்தன. பின் மடங்கிய போர்டு வாரண்டியில் சேராது. போர்டுக்கு 3 வருட வாரண்டி இருந்தும், வாங்கி ஒன்பதே நாளில் அது இல்லாமல் போனது.

இந்த மாதத்தில் இது மூன்றாவது போர்டு. மூன்றும் ஒரே கதை. வயர் ஒன்று விட்டுப்போயிருக்கும், அல்லது ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது. ஆனால் வீடியோ பார்த்துவிட்டு நேராகப் புராசசரில் கை வைத்திருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஃபேன் விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம். கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் "ஃபேன் சுத்துது, அதனால எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி. ஃபேன் என்பது ஒரு சின்ன மோட்டார். 12 வோல்ட்டில் ஓட வேண்டியது, 7 வோல்ட் கொடுத்தாலும் சுற்றும். அதற்கு ஓரிரண்டு வாட் போதும். புராசசர் கேட்பது அப்படியில்லை. 12 வோல்ட்டைப் போர்டு வாங்கி, ஏறக்குறைய 1.2 வோல்ட்டாக இறக்கிப் புராசசருக்குக் கொடுக்கிறது. 65 வாட் இழுக்கும் புராசசர் என்றால் அந்த 1.2 வோல்ட்டில் 50 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதற்கு வேண்டிய 12 வோல்ட் பவர் அந்த 8 பின் கனெக்டர் வழியாகத்தான் போர்டுக்கு வருகிறது. பெரிய 24 பின் கனெக்டரைச் செருகியவுடன் ஃபேனும் கலர் லைட்டும் உயிர் பெற்றுவிடும். புராசசருக்கு ஒரு சொட்டுக் கரண்ட் போயிருக்காது.

நம் வீடுகளில் பார்க்காததா? சாயங்காலம் லோ வோல்டேஜ் இருக்கும்போது நைட் லாம்ப் எரியும், சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றும், தண்ணீர் மோட்டார் மட்டும் தூக்காது. நைட் லாம்ப் எரிகிறதே, அப்போது மோட்டார்தான் பழுது என்று போர்வெல்லிலிருந்து மோட்டாரை மேலே இழுப்பீர்களா? அதைத்தான் கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

வயர் எல்லாம் சரியாக மாட்டியிருந்தாலும் ஃபேன் சுற்றுவதை வைத்து எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து ஓட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். அது ஆன் ஆகிறதா என்பதை மட்டும் சொல்லும், பாரம் தாங்குமா என்பதைச் சொல்லாது. 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். லோடு ஏறும்போது 10.8-க்கு இறங்கும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கூடக் கடையில் பார்த்திருக்கிறேன், அதிலும் ஃபேன் அழகாகத்தான் சுற்றியது. சந்தேகம் வந்தால் நன்றாக ஓடுகிற வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பாருங்கள். அதைவிட நம்பகமான சோதனை வீட்டில் கிடையாது.

இதில் ஓர் எச்சரிக்கை. மாட்டிப் பார்க்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸோடு அதன் சொந்த வயர்களையும் சேர்த்து மாற்றுங்கள். வயரைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடல்களில், எஸ்எம்பிஎஸ் பக்க முனை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், செருகினால் கச்சிதமாக உட்காரும், உள்ளே 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். ஒரே அழுத்தில் ஹார்ட் டிஸ்க்கும் அதிலிருந்த கல்யாண ஃபோட்டோக்களும் போன குடும்பத்தை எனக்குத் தெரியும். அதேபோல கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வயரைப் புராசசர் கனெக்டரில் அழுத்தித் திணிக்காதீர்கள். நாலும் நாலுமாகப் பிரிவது புராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. இரண்டிலும் பாசிட்டிவும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். சுலபமாக உள்ளே போகவில்லை என்றால் அது அந்த இடத்துக்கானது இல்லை.

சரி, வீட்டில் நீங்களே சேர்த்த கம்ப்யூட்டர் ஓடவில்லை. எங்கே ஆரம்பிப்பது? வெளியிலிருந்து.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், சுவர் பிளக்கில் டேபிள் ஃபேனைச் செருகிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் இருக்கும் சின்ன சுவிட்சைப் பாருங்கள். அப்புறம் கேபினெட் முன்பக்கத்திலிருந்து வரும் பவர் பட்டன் வயர், போர்டின் கீழ் மூலையில் சரியான இரண்டு பின்களில் மாட்டியிருக்கிறதா என்று போர்டோடு வந்த புத்தகத்தைப் பார்த்துச் சரிபாருங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த வயரை எடுத்துவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். அப்போது ஆன் ஆகிறது என்றால் பட்டனோ அதன் வயரோதான் பிரச்சினை. பயப்பட வேண்டாம், அங்கே ஷாக் அடிக்காது. ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

ஃபேன் சுற்றி டிஸ்ப்ளே வரவில்லை என்றால், மேலே சொன்ன 8 பின் முதலில். அடுத்து, மானிட்டர் வயரை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஐ5-12400எஃப் மாதிரி பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் இன்டெல் புராசசரில் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600-லும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. இந்த மாதிரிப் புராசசரை வைத்துக்கொண்டு மானிட்டர் வயரைப் போர்டில் செருகினால் விடிய விடியக் காத்திருந்தாலும் படம் வராது. கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும்.

அடுத்தது ரேம். பாதிக்கு மேற்பட்ட கேஸ் இங்கேதான் முடியும். புது ரேமைப் பென்சில் ரப்பரால் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பத்து வருடம் பழைய ரேமுக்கு அது சரி, நேற்று வாங்கியதற்கு எதற்கு? ஒரே ஒரு ரேமை மட்டும், புராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் வையுங்கள். நாலு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் அதுதான் முதலில் கேட்கும் இடம். இரண்டு முனையிலும் கட்டை விரலால் அழுத்தி, 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். பல புதுப் போர்டுகளில் கிளிப் ஒரு பக்கம்தான் அசையும். மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரியாது.

டிடிஆர்5 ரேம் போட்ட புது ரைசன் போர்டு என்றால் கூடுதலாக ஒன்று. முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு அந்த ரேமைப் பழகிக்கொள்ளப் பல நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். நீங்கள் முப்பது நொடியில் பொறுமை இழந்து ஆஃப் செய்தால் அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆன் செய்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். நிஜமாகவே சொல்கிறேன்.

பல புதுப் போர்டுகளில் ஓரத்தில் நாலு குட்டி எல்இடி இருக்கும். சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கும், அதாவது புராசசர், ரேம், கிராபிக்ஸ், டிஸ்க். எது அணையாமல் எரிகிறதோ அங்கேதான் தடங்கல். சிபியு விளக்கு எரிகிறதே என்று உடனே புராசசரைத் தூக்கிவிடாதீர்கள். 8 பின் செருகாவிட்டாலும் அதே விளக்குதான் எரியும். போர்டு பழைய பயாஸோடு (ஆன் செய்ததும் போர்டை எழுப்பிவிடும் உள் மென்பொருள்) வந்து புதுத் தலைமுறைப் புராசசரை அடையாளம் தெரியாமல் முழித்தாலும் அதேதான். பி450 போர்டில் ரைசன் 5000 வரிசைப் புராசசர் போட்டவர்கள் இதில் நிறையவே மாட்டியிருக்கிறார்கள். பயாஸை அப்டேட் செய்தால் தீரும். பாகம் வாங்கும்போதே "இந்தப் போர்டில் இந்தப் புராசசருக்கான பயாஸ் இருக்கிறதா" என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இத்தனைக்கும் பிறகும் வரவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். புராசசர், அதைக் குளிர்விக்கும் கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ். தேவைப்பட்டால் கிராபிக்ஸ் கார்டு. வேறெதுவும் வேண்டாம். இப்போது ஓடினால் கேபினெட்டுக்குள் ஏதோ போர்டின் முதுகில் முட்டுகிறது. பெரும்பாலும் போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் எடுக்காமல் விட்ட பித்தளை ஸ்டாண்ட் ஆஃப், அதாவது போர்டைத் தாங்கும் குட்டித் திருகுத் தூண்.

ஓடி, சில நிமிடத்தில் தானாக ஆஃப் ஆனால் கூலரைக் கழற்றி அடியில் பாருங்கள். அங்கே ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டியிருப்பீர்கள். பழைய ரைசன், அதாவது ஏஎம்4 சாக்கெட் என்றால், கூலரை நேராக மேலே இழுக்கவே கூடாது. நடுவில் தடவிய பேஸ்ட் ஒட்டிக்கொண்டு புராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். அதில் பின் புராசசரின் அடியில் இருக்கிறது, 1331 பின். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடானதும் பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகித்தான் எடுக்க வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது கம்ப்யூட்டர் பழுது இல்லை, வீட்டில் எர்த் இல்லாததுதான். எஸ்எம்பிஎஸ்ஸில் வரும் சின்னக் கசிவு எர்த் வயரில் இறங்க வேண்டும், அது இல்லாவிட்டால் பெட்டி மேலேயே நிற்கும். மதுரையில் பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. கடைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கி வரும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் தொடுகிற பொருள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அந்த மேலூர்த் தம்பியின் சாக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன். 1700 பின்கள். ஒவ்வொன்றும் தலைமுடி கனம், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும், நாற்றங்காலில் காற்று அடித்த மாதிரி. அவனுடையதில் ஒரு மூலையில் மட்டும் மினுமினுப்பு கலைந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஏழு பின் மடங்கி, அதில் இரண்டு, பக்கத்தில் இருந்த பின்னைத் தொட்டுக்கொண்டிருந்தன. அப்படியே 8 பின்னையும் செருகிக் கரண்ட் கொடுத்திருந்தால் புராசசரும் போயிருக்கலாம். ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்த இரண்டரை மணி நேரம் ஆனது. அவன் அப்பா அந்த நேரம் முழுக்க ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் டிஸ்ப்ளே வந்தது, ஆனால் ஒரு பின் ஒடிந்ததால் இரண்டு ரேம் ஸ்லாட் வேலை செய்யாது. அந்தப் பையன் இனி மீதி இரண்டு ஸ்லாட்டை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. "முதலில் புராசசரைக் கழற்றிப் பார்" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான்.

புராசசரில் கை வைப்பது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டிய அத்தனையும் செய்து முடித்த பிறகு, அதுவும் செய்து பழகியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். சாக்கெட்டோடு வந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உசிலம்பட்டியோ திருமங்கலமோ, எங்கிருந்து கொண்டுவந்தாலும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியில் தனியாக எடுத்து வாருங்கள். பஸ் குலுங்குகிற குலுக்கலில் அதன் கனத்துக்கு ஸ்லாட்டே பெயர்ந்து வந்துவிடும். மற்றது எதையும் தொடாமல், நீங்கள் மாட்டியது மாட்டியபடியே கொண்டுவாருங்கள். எந்த வயர் விட்டுப்போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.