பாலிசியும் கொள்கையும்: கொள்கைவழிச் சேமிப்பக மேலாண்மை

தரவு மையத்தில் வேலை பார்ப்பவர்கள் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வந்துபோகும் சொல் 'பாலிசி'. "அந்த விஎம்முக்கு என்ன பாலிசி போட்டிருக்க?", "பாலிசியை மாத்திட்டியா, இல்லையா?" என்று கேட்டுக்கொள்வார்கள். விஎம் என்றால் வர்ச்சுவல் மெஷின், நிஜக் கணினி ஒன்றுக்குள் மென்பொருளால் ஓடும் மெய்நிகர் கணினி. முழுப் பெயர் ஸ்டோரேஜ் பாலிசி பேஸ்டு மேனேஜ்மென்ட், சுருக்கமாக எஸ்பிபிஎம். விஎம்களை ஓட்டும் வீஸ்பியர், பல கணினிகளின் வட்டுகளை ஒன்றுசேர்த்துச் சேமிப்பகமாக்கும் வீசான் என்ற வீஎம்வேர் நிறுவன மென்பொருள்களோடு புழங்குகிறவர்களுக்குத் தினப்படிச் சொல். ஸ்டோரேஜுக்கும் மேனேஜ்மென்டுக்கும் தமிழ்ச் சொல் தேடி ரொம்ப அலைய வேண்டாம். சிக்கல் பாலிசியில்தான். அதற்குத் தமிழ் தேடும் முன் அது செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம்.

இது வருவதற்கு முன்னால் நடைமுறை வேறு. சேமிப்பகக் குழு பெரிய வட்டுப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தரும். அதற்குப் பெயர் லன். அதன்மேல் விஎம் குழு ஒரு டேட்டாஸ்டோர், அதாவது விஎம்களின் கோப்புகள் போய்த் தங்கும் இடம், உருவாக்கும். எத்தனை நகல், எவ்வளவு வேகம், வெளியூர் மையத்துக்குப் பிரதி போகுமா என்பதெல்லாம் அந்த டேட்டாஸ்டோரின் குணங்கள். உள்ளே போய் உட்காரும் மெய்நிகர் கணினிக்கு அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். எந்த டேட்டாஸ்டோரில் என்ன இருக்கிறது என்பது அதன் பெயரிலோ ஓர் எக்செல் தாளிலோ இருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இடம் போதவில்லை என்று, சம்பளக் கணக்கு ஓடும் விஎம்மை ஒருவர் அவசரமாகப் பக்கத்து டேட்டாஸ்டோருக்கு நகர்த்திவிட்டார். வெளியூருக்குப் பிரதி போகாத டேட்டாஸ்டோர் அது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வரவும் வழியில்லை. 'இந்த விஎம்முக்குப் பிரதி வேண்டும்' என்று எந்த இயந்திரத்திடமும் யாரும் சொல்லி வைக்கவில்லையே! சொன்னது எக்செல் தாளிடம் மட்டும். அடுத்த தணிக்கையில்தான் விஷயம் வெளியே வந்தது. நல்லவேளை, அதுவரை வட்டு எதுவும் சாகவில்லை.

எஸ்பிபிஎம் இதைத் தலைகீழாக்கியது. தேவையை டேட்டாஸ்டோரிலிருந்து எடுத்து விஎம்மோடு கட்டிவிட்டது. இன்னும் சரியாகச் சொன்னால், விஎம்மின் ஒவ்வொரு வட்டோடும். ஒரே விஎம்மில் இயங்குதளம் இருக்கும் வட்டுக்கு ஒரு பாலிசி, தரவுத்தளம் இருக்கும் வட்டுக்கு வேறொரு பாலிசி என்று வைக்கலாம்.

வீசானில் ஒரு பாலிசியை எடுத்துப் பார்ப்போம். '1 பழுதைத் தாங்க வேண்டும், நகல் முறையில்' என்று அதில் எழுதியிருக்கிறது. இதை 100 ஜிபி வட்டு ஒன்றுக்குப் போட்டால், வீசான் அந்த வட்டின் இரண்டு நகல்களை இரண்டு ஹோஸ்ட்களில், அதாவது விஎம்களை ஓட்டும் நிஜக் கணினிகளில், வைக்கும். மூன்றாவது ஹோஸ்டில் ஒரு சாட்சியை வைக்கும். சாட்சியிடம் தரவு கிடையாது. நகல்களுக்கிடையே தொடர்பு அறுந்தால் எந்தப் பக்கம் தொடர வேண்டும் என்று முடிவெடுக்க அதன் வாக்கு உதவும், அவ்வளவே. ஆக 100 ஜிபிக்கு 200 ஜிபி செலவு, குறைந்தது 3 ஹோஸ்ட்கள். இடத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால், 2016-இல் 6.2 பதிப்போடு வந்த ரெய்ட் 5 முறையைப் பாலிசியில் எழுதலாம். 3 பங்கு தரவு, 1 பங்கு சமநிலைத் தகவல் (ஒரு பங்கு தொலைந்தால் அதை மீட்க உதவுவது). அதே 100 ஜிபிக்குச் சுமார் 133 ஜிபி போதும்; ஆனால் 4 ஹோஸ்ட்கள் வேண்டும்.

எந்த ஹோஸ்ட், எந்த வட்டு என்று பாலிசி எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. எப்படி என்பது மென்பொருளின் பாடு. அதோடு வேலை முடிவதும் இல்லை. நகல் இருக்கும் ஹோஸ்ட் ஒன்று விழுந்தால் விஎம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் அதன் பெயருக்கு எதிரே 'இணக்கமில்லை' என்று திரையில் வந்துவிடும். ஹோஸ்ட் வெறுமனே மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருக்கலாம் என்பதால் வீசான் இயல்பாக 60 நிமிடம் பொறுத்துப் பார்க்கும். அப்புறமும் வரவில்லையென்றால் இன்னொரு ஹோஸ்டில் புது நகலைக் கட்ட ஆரம்பிக்கும். மொத்தமே 3 ஹோஸ்ட்கள்தான் என்றால் கட்ட இடமில்லை. பழுது சரியாகும்வரை இணக்கமில்லாமலேதான் நிற்கும். அதனால்தான் 3 போதும் என்று ஏடு சொன்னாலும் 4 வாங்கச் சொல்லி நான் கெஞ்சுவேன்.

இந்த யோசனை வீஎம்வேரில் பிறந்ததல்ல. ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் 1980களின் பிற்பகுதியிலேயே, கோப்பு எந்த வட்டில் போய் உட்கார வேண்டும் என்று ஆள் சொல்லாமல், அந்தக் கோப்புக்கு ஒரு 'சேமிப்பக வகுப்பு' கொடுத்தால் அமைப்பே இடம் பார்த்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது. வீஎம்வேர் இதை 2011-இல் வீஸ்பியர் 5.0 பதிப்பில் கொண்டுவந்தபோது வைத்த பெயர் 'புரொஃபைல்'. வட்டுப் பெட்டிகள் தங்கள் திறன்களைத் தாங்களே மேலே சொல்வதற்கான வாசா இடைமுகமும் அப்போதே வந்தது. 2013-இல் வந்த 5.5 பதிப்பில் 'புரொஃபைல்' போய் 'பாலிசி' ஆனது. 2014 மார்ச்சில் வீசான், 2015-இல் விஎம்மின் ஒவ்வொரு வட்டையும் வட்டுப் பெட்டியே தனித்தனியாகக் கையாளும் வீவால் என்று அடுத்தடுத்து வந்தவை எல்லாம் இந்தச் சொல்லின்மேல்தான் நிற்கின்றன. புரொஃபைல் என்பது இருப்பதைச் சொல்லும் சொல். பாலிசி என்பது வேண்டுவதைச் சொல்வது. பெயர் மாறியது நியாயம்தான் என்பது என் எண்ணம்.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் பாலிசி என்று எழுத்துக்கூட்டும் சொற்கள் உண்மையில் இரண்டு. பிறப்பே வேறு. அரசின் பாலிசி கிரேக்கத்தின் 'போலிஸ்', அதாவது நகர அரசு என்ற சொல்லிலிருந்து வந்தது. அதிலிருந்து ஆட்சிமுறையைக் குறிக்கும் 'பொலிதேயா'. பிறகு லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். நம்மூர்ப் போலீசும் பாலிடிக்ஸும் இதே குடும்பம்தான். காப்பீட்டுப் பாலிசியோ, 'நிரூபணம்' என்ற பொருளுள்ள 'அபோதெய்க்ஸிஸ்' என்ற கிரேக்கச் சொல்லில் தொடங்கி, இடைக்கால லத்தீனில் ரசீது என்ற பொருளுக்கு வந்து, இத்தாலிய மொழியில் 'பொலிட்சா' ஆகி, பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. ஒன்று ஆளும் முறை, மற்றொன்று கையில் கொடுக்கும் சீட்டு.

தமிழில் பாலிசி என்றால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அந்தச் சீட்டுதான். 'பாலிசி எடுத்திருக்கிறாயா?' என்றால் எல்ஐசி என்றே புரிந்துகொள்வோம். எஸ்பிபிஎம்மில் உள்ள பாலிசி முதல் வகை. அதனால் தமிழில் எழுதும்போது இங்கே 'பாலிசி' என்றே விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். விளக்கக் கையேட்டில் அது வாசகரைத் தவறான கதவுக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.

மாற்றாக என்னென்ன இருக்கின்றன? 'விதி' என்றால் 'இது நடந்தால் இதைச் செய்' என்ற தொனி வந்துவிடுகிறது. தீயரணில் (ஃபயர்வால்) எழுதுவது விதி. 'கட்டளை' என்றால் செய்து முடித்ததும் தீர்ந்துபோகும். இதுவோ வட்டு இருக்கும்வரை கூடவே இருப்பது. 'நெறிமுறை'யை இணையத் தமிழில் புரோட்டோகாலுக்குக் கொடுத்தாயிற்று. 'கோட்பாடு' தியரிப் பக்கம் போய்விட்டது.

மிஞ்சுவது 'கொள்கை'. மிஞ்சியதால் மட்டும் அதை எடுக்கவில்லை, நல்ல சொல். செய்கை, வருகை போல 'கொள்' என்ற வினையோடு 'கை' விகுதி சேர்ந்து வந்தது. ஒருவர் தாமே ஏற்று, விடாமல் பற்றிக்கொண்டிருப்பது கொள்கை. 899-ஆம் குறளில் 'ஏந்திய கொள்கையார்' என்று வருகிறது. உயர்ந்த நோன்பை விடாது காப்பவர் என்ற பொருளில். சூழல் மாறினாலும் பற்றியதை விடாமல் இருப்பது என்ற அந்த உட்பொருள், ஹோஸ்ட் விழுந்த பிறகும் இரண்டாவது நகலை மீண்டும் கட்டியே தீரும் பாலிசிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னொன்றும் உண்டு. கொள்கலனும் கொள்ளளவும் இதே 'கொள்' வேரில் பிறந்தவை. எவ்வளவு கொள்ளும், எதைக் கொள்ள வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே வேர். சேமிப்பகத்தைப் பற்றிப் பேச இதைவிட வாகான சொல் அமையாது.

அடுத்து 'பேஸ்டு'. வழக்கமாக 'அடிப்படையிலான' என்று எழுதிவிடுகிறோம். 'கொள்கை அடிப்படையிலான சேமிப்பக மேலாண்மை' என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாதியில் மூச்சு வாங்கும். தமிழில் இதற்கு 'வழி' என்ற சின்னச் சொல் தயாராக இருக்கிறது. தமிழ்வழிக் கல்வி, வாய்வழி மருந்து என்று நாம் சொல்வதுதானே! 'கொள்கைவழி' என்றால் போதும்.

ஸ்டோரேஜுக்குச் 'சேமிப்பு' என்று எழுதினால் வங்கிக் கணக்கு நினைவுக்கு வரும். செயலைச் சொல்லும்போது சேமிப்பு, இடத்தையோ அமைப்பையோ சொல்லும்போது 'சேமிப்பகம்' என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை. சேமிப்பில் உள்ள 'சேமம்', க்ஷேமம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. பத்திரமாக இருப்பது என்று பொருள். தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் 'வைப்பகம்' எனலாம். எனக்குப் பத்திரம் என்ற அந்தப் பொருள் இங்கே வேண்டியிருப்பதால் சேமிப்பகத்தை விட மனமில்லை. மேலாண்மைக்கு விளக்கம் தேவையில்லை, நிலைத்துவிட்ட சொல். ஆக, 'கொள்கைவழிச் சேமிப்பக மேலாண்மை'.

இதைத் தாங்கும் பெரிய குடைக்குப் பெயர் 'சாஃப்ட்வேர் டிஃபைன்டு'. 2012-இல் வீஎம்வேரின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஸ்டீவ் ஹெராட் முழுத் தரவு மையத்துக்கும் இந்த அடைமொழியைச் சேர்த்துப் பேசிப் பரப்பினார். லத்தீன் வேரில் டிஃபைன் என்பது எல்லை வகுப்பது. தமிழ் 'வரையறு'வும் அதேதான். 'மென்பொருள் வரையறுத்த சேமிப்பகம்' என்று அப்படியே சொல்லலாம். வர்ச்சுவலுக்கு 'மெய்நிகர்' ஏற்கெனவே ஊன்றிவிட்டது. சிலர் எழுதும் 'மாயக் கணினி' வேண்டாம். மாயம் என்றால் இல்லாதது. விஎம் இருக்கிறது, வேலையும் செய்கிறது.

கூடவே வரும் சின்னச் சொற்களில்தான் மொழிபெயர்ப்புகள் வழுக்குகின்றன. விட்னஸ் என்பதற்குச் 'சாட்சி' போதும். அதற்குப் பழந்தமிழில் 'கரி' என்ற அழகான சொல் இருந்தது, 'இந்திரனே சாலுங் கரி' என்று குறளிலேயே உண்டு. ஆனால் இன்று அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும். கம்ப்ளையன்ஸுக்கு 'இணக்கம்' சரி. அங்கே வரும் மூன்றாவது நிலை 'அவுட் ஆஃப் டேட்'. கொள்கையைத் திருத்திச் சேமிக்கும்போது, அது ஏற்கெனவே மாட்டியிருக்கும் விஎம்களுக்கு இப்போதே பொருத்தவா, பிறகு கையால் பொருத்திக்கொள்கிறீர்களா என்று மென்பொருள் கேட்கும். பிறகு என்று சொன்னால் அந்த விஎம்களுக்கு எதிரே இந்த நிலை தெரியும். இருநூறு விஎம்கள் ஒரே கொள்கையில் இருந்தால் 'பிறகு' என்பதே புத்திசாலித்தனம். இல்லையென்றால் அத்தனை வட்டுகளின் தரவும் ஒரே நேரத்தில் இடம் மாறத் தொடங்கி, வலையமைப்பு திணறிப்போகும்.

இந்த நிலையை 'காலாவதியானது' என்று எழுதும் ஆசை எளிதில் வரும். எழுதக் கூடாது. 'பாலிசி காலாவதியாகிவிட்டது' என்றால் நம்மூரில் பிரீமியம் கட்டவில்லை, இனிப் பாதுகாப்பில்லை என்று பொருள். இங்கே எதுவும் போகவில்லை. பழைய கொள்கைப்படி எல்லா நகலும் பத்திரமாக இருக்கிறது, புதுத் திருத்தம் மட்டும் இன்னும் பொருந்தவில்லை. நான் 'பழைய கொள்கையில் உள்ளது' என்று எழுதுகிறேன். பக்கத்துப் பொத்தானில் 'மீண்டும் பொருத்து'.