கம்ப்யூட்டரில் கிடக்கும் முதலாளியின் கையெழுத்து

கடலூரில், மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் நான் கணக்குப் பார்க்கப் போகிற பல கடைகளில், கணக்கு எழுதுபவரின் கம்ப்யூட்டரில் ‘சைன்’ என்ற பெயரில் ஒரு படம் இருக்கும். முதலாளி வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்தைச் செல்போனில் பிடித்து, பின்னணியை அழித்து, பக்கத்திலேயே ரப்பர் ஸ்டாம்ப் படத்தையும் சேர்த்து வைத்திருப்பார்கள். கொட்டேஷன், டெலிவரி சலான், வங்கிக்குப் போகும் கடிதம் என்று எல்லாவற்றிலும் அதை ஒட்டி பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுவார்கள். ‘நாங்க பேப்பர்லெஸ் ஆயிட்டோம் சார்’ என்று பெருமையாக வேறு சொல்வார்கள்.

அது கையெழுத்தின் படம், அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் கையொப்பத்தை ஏற்கிறது. ஆனால் அந்தச் சட்டம் சொல்வது உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் தரும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழை, அதாவது டிஎஸ்சியை, அல்லது ஆதார் ஓடிபி மூலம் போடும் இ-சைனை. படம் ஒட்டிய கடிதத்தால் வியாபாரமே நடக்காது என்று நான் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் நாணயமாக இருக்கும்வரை எதுவும் நடக்கும். தகராறு வந்து, ‘இது நான் போட்டதில்லை’ என்று ஒருவர் சொன்னால், அந்தப் படத்தை வைத்து மட்டும் எதையும் நிரூபிப்பது கஷ்டம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. கொட்டேஷன் யாருக்கெல்லாம் போனதோ, அவர்கள் எல்லோரிடமும் இப்போது உங்கள் கையெழுத்து இருக்கிறது. பிடிஎஃப்பிலிருந்து அதை வெட்டியெடுக்க ஒரு நிமிடம் ஆகாது. வங்கியில் கொடுத்திருக்கும் மாதிரிக் கையெழுத்தும் பெரும்பாலும் அதேதான். வேலையை விட்டுப் போன பழைய ஊழியரின் பென் டிரைவிலும் அது இருக்கலாம். அந்தப் படத்தை இன்றே அழித்துவிடுங்கள்.

டிஎஸ்சி வேலை செய்யும் விதமே வேறு. ஆவணத்தில் உள்ளதைக் கணக்கிட்டு ‘ஹாஷ்’ என்ற சுருக்கத்தை உண்டாக்கி, பென் டிரைவ் போன்ற யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் அதில் கையொப்பம் இடுகிறது. பிறகு 45,000 என்ற தொகையில் யாராவது ஒரு சைபர் சேர்த்தால், ஆவணம் மாற்றப்பட்டிருக்கிறது என்று திரையே காட்டிக் கொடுத்துவிடும். பலரும் கவனிக்காத விஷயம், அந்தக் கையொப்பம் கோப்புக்குள்தான் இருக்கிறது. பிரிண்ட் எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினால் அது போய்விடும். மிஞ்சுவது பெயரும் தேதியும் உள்ள ஒரு கட்டம் மட்டும். வந்த பிடிஎஃப்பை வந்தபடியே சேமித்து, அப்படியே அனுப்புங்கள். திறக்கும்போது மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் பதற வேண்டாம். சான்றிதழை நம்பலாமா என்று உங்கள் கம்ப்யூட்டருக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

டோக்கனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் தொழில்காரர்களுக்கே பிடிக்காவிட்டாலும். வாடிக்கையாளர்களின் டோக்கன்களை வாங்கி மேஜை டிராயரில் போட்டு, பின் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி அதன்மேலேயே ஒட்டி வைக்கும் பழக்கம் ஆடிட்டர் அலுவலகங்களில் சகஜம். ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது சான்றிதழ்தாரரின் கடமை என்று அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. என் அலுவலகத்தில் டோக்கனை வாங்கி வைப்பதில்லை. ரிட்டர்ன் போடும் நாளில் கொண்டு வாருங்கள், நீங்களே பின் நம்பரைப் போடுங்கள் என்பேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள், சரி.

கையெழுத்தே தேவைப்படாத தாள்களும் நிறைய இருக்கின்றன. அதே தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின்னணு முறையில் வழங்கும் ஜிஎஸ்டி பில்லுக்குக் கையெழுத்து வேண்டியதில்லை என்று ஜிஎஸ்டி விதி 46 சொல்கிறது. கம்பெனியோ எல்எல்பி என்ற வரம்புப் பொறுப்புக் கூட்டு நிறுவனமோ இல்லாத கடைக்காரர், ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபி மூலமே முடித்துவிடலாம். எதிர்ப்பக்கம், மின் கையொப்பம் செல்லாத இடங்களும் உண்டு: உயில், டிரஸ்ட் பத்திரம், தனியாருக்குள் எழுதும் புரோநோட், பவர் பத்திரம். வங்கி போன்ற ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுக்கும் புரோநோட்டுக்கும் பவருக்கும் மட்டும் 2022இல் விலக்கு கொடுத்தார்கள். முதுநகர்ப் பக்கம் கைமாற்றுக் கடனுக்கு வாட்ஸ்அப்பில் புரோநோட் படம் அனுப்பிக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி கையால் எழுதிய தாள்கள். எடைச் சீட்டு தெர்மல் காகிதத்தில் இருந்தால் சில மாதங்களில் வெளுத்துவிடும், வந்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். 300 டிபிஐ, கலரில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஊதா முத்திரையும் கார்பன் நகலின் மங்கிய எழுத்தும் காணாமல் போகும். செல்போன் செயலிகள் ‘தெளிவாக்குகிறேன்’ என்று செய்வதும் இதைத்தான். சரக்கு இறக்கியதும் பில்லின் பின்பக்கம் ‘சரக்கு வந்தது’ என்று எழுதி வாங்கும் கையெழுத்துதான், பணம் தராதவரிடம் கேட்கப் போகும்போது கையில் இருக்கும் ஒரே பிடி. டிரைவர் அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாகுமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எழுத்தைத் தானே படித்து எக்செல்லில் ஏற்றும் மென்பொருளை இப்போதைக்கு நம்பி இறங்காதீர்கள். அச்சுத் தமிழை ஓரளவு படிக்கும். நம்ம ஊர் குமாஸ்தா அவசரத்தில் கிறுக்கிய தமிழும், 1 என்றும் 7 என்றும் படிக்கும்படியான அவர் இலக்கமும் வேறு கதை. தேதி, பார்ட்டி பெயர், வவுச்சர் எண், தொகை, இந்த நான்கை மட்டும் கையால் அடித்து, படத்தை அதோடு இணைத்துவிட்டால் தேடும்போது கிடைத்துவிடும். கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தானாகவே அடுக்கிக்கொள்ளும்.

ஸ்கேன் ஆகிவிட்டது என்று அசலைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் வைக்க ஹாஷ் மதிப்புடன் சான்றிதழ் தர வேண்டும். ஸ்கேன் காப்பி தானாகச் சாட்சி சொல்லாது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதும் ஸ்டாம்ப் பேப்பர் ஒப்பந்தமும் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஆனால் அந்த பீரோ எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரில் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது. தரைமட்டத்தில் பீரோவும் அதன் பக்கத்திலேயே பேக்கப் ஹார்டு டிஸ்க்கும் என்றால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஒரு பிரதி கிளவுடிலோ, வேறு ஊரில் இருக்கும் மகனிடமோ இருக்கட்டும். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால், அந்தக் கடைசித் தேதி டிசம்பர் 31, 2025 என்று கொண்டால், 2031 டிசம்பர் கடைசி வரை. அப்பீல் நடந்துகொண்டிருந்தால் அதற்கு மேலும்.