பச்சை விளக்கு எரிகிறது, நெட் வரவில்லை: 0/35 என்ற எண்ணின் கதை

காவேரிப்பட்டினத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக நெட் வந்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் தெருவில் மோடம் அமைத்துக் கொடுக்கும் வேலை என்னிடம்தான் வரும். "தம்பி, பச்சை லைட்டு நின்னு எரியுது, ஆனா ஒண்ணும் ஓப்பன் ஆக மாட்டேங்குது" என்பார்கள். போய்ப் பார்த்தால் யாராவது மோடத்தின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு ரீசெட் செய்திருப்பார்கள். பயனர் பெயர், கடவுச்சொல், அப்புறம் விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்கள், இவற்றைத் திரும்பப் போட்டதும் நெட் வந்துவிடும். பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் அந்த 0/35 ஊரறிந்த எண். ஏன் 35, அது தப்பினாலும் விளக்கு ஏன் அணைவதில்லை என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. புரிந்தபோது, இது நெட்வொர்க் உலகின் மிக அழகான யோசனைகளில் ஒன்று என்று தோன்றியது.

விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: செம்புக் கம்பியின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று கேட்கின்றன. அந்தக் கம்பிக்கு மேலே ஓடுவது ஏடிஎம் என்ற இன்னொரு ஏற்பாடு. பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை, அசின்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் மோட். இதற்கும், இணையத்தில் தரவைப் பாக்கெட் என்ற துண்டுகளாக அனுப்பும் ஐபிக்கும் குணமே வேறு. ஐபி பாக்கெட் என்பது தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி "ஓசூருக்கு எந்த பஸ்?" என்று கேட்டு ஏறி, கிருஷ்ணகிரியில் இறங்கி மறுபடியும் அதையே கேட்கும் பயணி மாதிரி, முழு முகவரியும் அதன் கையிலேயே இருக்கும், ஒவ்வொரு ரூட்டரும் புதிதாக யோசித்து அனுப்பும். ஏடிஎம்மில் முதலில் பாதையைப் போட்டுவிட வேண்டும். அந்தப் பாதைக்குத்தான் மெய்நிகர் சுற்று என்று பெயர், வேலை செய்கிறவர்கள் விசி என்பார்கள். பாதை போட்ட பிறகு யாரும் முகவரியைப் பார்ப்பதில்லை, எண்ணை மட்டும் பார்ப்பார்கள். விபிஐ, விசிஐ இரண்டும் சேர்ந்ததுதான் அந்த எண்.

சந்தூர் பக்கம் ஒரு தோப்பில் இருந்து கிளம்பும் மாங்காய் க்ரேட்டில் 35 என்று சீட்டு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டியில் அதைக் கிழித்துவிட்டு 112 என்று ஒட்டுகிறார்கள், கூழ் ஆலை வாசலில் 40 ஆகிறது. ஒவ்வொரு இடத்திலும் "35 வந்தால் 112 ஒட்டி அந்த லாரியில் ஏற்று" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தால் போதும். ஏடிஎம் சுவிட்சும் இதையேதான் செய்கிறது. அதனால் 0/35 என்பது உங்கள் வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் உள்ள கம்பியில் மட்டுமே செல்லுபடியாகும் எண். ஊரெல்லாம் அதே எண்ணைப் போட்டும் ஒன்றோடொன்று மோதாதது இதனால்தான். 0 முதல் 31 வரையிலான விசிஐ எண்கள் நெட்வொர்க்கின் சொந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டவை; அழைப்பை ஏற்படுத்தும் சிக்னல் 5இல் ஓடும், நிர்வாகச் செய்தி 16இல். நமக்குக் கிடைப்பது 32இலிருந்துதான்.

இப்படிக் கையால் நிரந்தரமாகப் போட்டு வைத்த சுற்று பிவிசி. நம் பக்கம் பிவிசி என்றால் போர்வெல் குழாய்தான் நினைவுக்கு வரும், அந்த நினைவோடே படித்தாலும் தப்பில்லை, பதித்தது பதித்த இடத்திலேயே கிடக்கும். தேவைப்படும்போது டயல் செய்து போட்டுக்கொள்வது எஸ்விசி.

சரி, ஏடிஎம் கருவியை இயக்கும் மென்பொருளுக்கு, அதாவது டிரைவருக்கு, இங்கே என்ன வேலை? வீட்டு, அலுவலக லேன் கம்பிகளில் ஓடும் ஈதர்நெட்டில் "இந்த ஐபி யாருடையது?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினால் உரியவர் பதில் சொல்வார். ஏடிஎம்மில் கத்துவதற்குத் தெருவே இல்லை, ஒரு சுற்றுக்கு எதிர்முனை ஒன்றுதான். இதற்காக 1994இல் ஆர்எஃப்சி 1577 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஒரு வழி சொன்னது: எஸ்விசி என்றால் யார் எங்கே என்று சொல்ல ஒரு ஏஆர்பி சர்வர், பிவிசி என்றால் தலைகீழாக, "இந்தச் சுற்றின் அந்தப் பக்கம் இருக்கும் உன் ஐபி என்ன?" என்று கேட்பது. எதிர்முனை பதில் சொல்லாத சாதனமாக இருந்தால், இந்த ஐபிக்கு இந்தச் சுற்று என்று நாமே டிரைவரின் அட்டவணையில் எழுதிவிட வேண்டும். லினக்ஸில் இடைமுகம், விபிஐ, விசிஐ மூன்றையும் புள்ளி வைத்து எழுதுவோம்.

அடுத்தது உறை, அதாவது ஐபி பாக்கெட்டைச் சுற்றில் விடும் முன் பொதியும் விதம். 1993இல் வந்த ஆர்எஃப்சி 1483 (1999இல் 2684 ஆகப் புதுப்பிக்கப்பட்டது) இரண்டு விதம் தருகிறது. எல்எல்சி முறையில் ஐபி பாக்கெட்டின் முன்னால் 8 பைட் லேபிள் இருக்கும், ஒரே சுற்றில் பல நெறிமுறைகள் போகலாம். விசி-மக்ஸ் முறையில் லேபிள் கிடையாது, இந்தச் சுற்றில் வருவது ஐபி மட்டுமே என்று இரு பக்கமும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் இதையும் போட்டுவிட்டால் வருகிற தொல்லை கொடுமையானது: செல்கள் ஒழுங்காக வந்து சேரும், பிழைச் சோதனையும் சரியாக இருக்கும், டிரைவர் முதல் சில பைட்டைப் பார்த்து "இது என்னவென்றே தெரியவில்லை" என்று சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

செல் என்றேன் இல்லையா, ஏடிஎம்மில் எல்லாமே 53 பைட் துண்டுகள், 5 தலைப்பு, 48 சரக்கு. 48 ஒரு பஞ்சாயத்து எண். குரல் எதிரொலிக்கு அஞ்சி ஐரோப்பா 32 கேட்டது, தரவை நினைத்து அமெரிக்கா 64 கேட்டது, நடுவில் வெட்டினார்கள். நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் வரும் குரல் 48 பைட்டை நிரப்ப 6 மில்லிசெகண்ட் ஆகும்; எதிரொலி பயம் இந்தத் தாமதத்தால்தான்.

டிரைவர், அல்லது அதன் கீழுள்ள சிப், ஐபி பாக்கெட்டின் கடைசியில் நீளமும் பிழைச் சோதனையும் கொண்ட 8 பைட் வால் சேர்த்து, 48இன் மடங்காகும்வரை வெற்றுப் பைட் நிரப்பி வெட்டுகிறது. 1500 பைட் பாக்கெட், எல்எல்சி 8, வால் 8, ஆக 1516. அதற்கு 32 செல் வேண்டும், கம்பியில் போவது 1696 பைட். செல்களுக்கு வரிசை எண் இல்லை, "நான்தான் கடைசி" என்று ஒரு பிட் மட்டும். வந்த வரிசையிலேயே சுற்று கொண்டு சேர்க்கும் என்ற நம்பிக்கையில் நடக்கும் வேலை இது. நடுவில் ஒரு செல் தொலைந்தால் 1500 பைட்டும் வீண்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு சின்னப் பாக்கெட்டில் இருக்கிறது. ஒரு கோப்பை இறக்கும்போது "வந்து சேர்ந்தது" என்று நம் பக்கத்தில் இருந்து அடிக்கடி போகும் டிசிபி ஒப்புகை, வழக்கமாக 40 பைட். விசி-மக்ஸில் 40உம் வால் 8உம் சேர்ந்து கச்சிதமாக 48, ஒரே செல். எல்எல்சியில் 56 ஆகிவிடும், இரண்டாவது செல்லில் பெரும்பகுதி காலி. மேலேறும் வேகம் குறைவான நம் பழைய கம்பிகளில் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

கடைசியாக எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு. ஏடிஎம் மேல் நேராக ஓடும் ஐபிக்கு வழக்கமான அளவு 9180 பைட். வீட்டு இணைப்பில் நடுவே, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு இணைக்கும் பிபிபிஓஇ என்ற நெறிமுறை உட்கார்ந்து ஈதர்நெட்டின் 1500இல் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் 1492தான் மிஞ்சும். இதை 1500 என்றே விட்டுவைத்த வீடுகளில் பிங் ஓடும், சாட் ஓடும், சில பெரிய பக்கங்கள் மட்டும் பாதியில் தொங்கும்.

இப்போது எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது. புதுப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் விபிஐ, விசிஐ கட்டங்கள் இல்லை, அந்த இடத்தில் ஒரே கம்பியில் ஓடும் வலையமைப்புகளைப் பிரித்துக் காட்டும் விலான் எண் கேட்கிறது. அதற்கு நாலு வரி கீழே எம்டியு என்ற கட்டத்தில் இன்னும் 1492 இருக்கிறது.