ரியல்பாலிடிக்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது?

காலநிலை மாற்றம் பத்திப் பேச்செடுத்தாலே யாராவது ஒருத்தர் "அதெல்லாம் ரியல்பாலிடிக்ங்க, ஓட்டு வராத விஷயத்த எந்தத் தலைவரும் முதல்ல எடுக்க மாட்டாரு"ன்னு முடிச்சிடுறாங்க. போன வாரம் காரைக்குடில டீக்கடைல இதே பேச்சு, பக்கத்துல இருந்த அண்ணன் "அதத் தமிழ்ல சொல்லுங்க தம்பி"ன்னாரு, எனக்கு சட்டுன்னு வாய்ல வரல.

சொல் ஜெர்மன். ஜெர்மனில மன்னராட்சிக்கு எதிரா கிளம்புன 1848 புரட்சி தோத்துப் போன பிறகு, 1853ல லுட்விக் ஆகஸ்ட் ஃபான் ரோகாவ்ங்கிற எழுத்தாளர் புழக்கத்துக்குக் கொண்டு வந்தது. அவரு புரட்சிப் பக்கம் நின்ன ஆளு. கொள்கை நல்லதா இருந்தா மட்டும் போதாது, நாட்டுல எந்த சக்திக்கு எவ்வளவு பலம்னு பாத்து இறங்கணும்னாரு, அவ்வளவுதான். அப்புறம் ஜெர்மனிய ஒரே நாடாக்குன பிஸ்மார்க் பேரோட ஒட்டிக்கிட்டு, மனசாட்சி இல்லாத அரசியல்னு அர்த்தம் மாறிடுச்சு.

புத்தகத்துல யதார்த்தவாதம்னு போடுறாங்க. ரியலுக்கு வேரான லத்தீன் 'ரெஸ்'ஸும் யதார்த்தத்துக்குள்ள இருக்கிற 'அர்த்த'ங்கிற வடசொல்லும் ரெண்டுமே பொருளத்தான் குறிக்குது, அதனால பொருத்தம்தான். ஆனா நம்ம பேச்சுல "யதார்த்தமா சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க"ங்கிறோம், யதார்த்தமான மனுசன்னா சூது வாது தெரியாதவர், இந்தச் சொல்லுக்கு நேர் எதிர். குறள்ல வலியறிதல் அதிகாரம் ரோகாவ் சொன்னதுக்கு ரொம்பக் கிட்ட வருது, வினையோட வலி, தன் வலி, எதிரி வலி, துணையோட வலி நாலையும் எடைபோட்டுச் செய்னு இருக்கு, ஆனா இன்னைக்கு வலின்னா முதுகுவலிதான் ஞாபகம் வருது.

நான் சொல்றது நிலவர அரசியல். எங்க ஐயா மிளகாய் யாவாரம், விடிஞ்சதும் மண்டிக்கு போனப் போட்டு "இன்னைக்கு நிலவரம் என்ன"ன்னு கேட்டுட்டுத்தான் காப்பியவே தொடுவாரு, நேத்து நிலவரத்த வச்சு இன்னைக்கு ஒரு மூட்டை எடுக்க மாட்டாரு.

தலைவர்களும் நிலவரம் பாத்துத்தான் நகர்றாங்க. 1997ல, பணக்கார நாடுகள் கரிப்புகையக் குறைக்கணும்ங்கிற கியோட்டோ ஒப்பந்தம் முடிவாகுறதுக்கு முன்னாடியே அமெரிக்க செனட், வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத, இல்லன்னா அமெரிக்கப் பொருளாதாரத்த பாதிக்கிற ஒப்பந்தம் வேணாம்னு 95-0ன்னு ஓட்டு போட்டுச்சு, ஒருத்தர் கூட எதிர்க்கல. 2022ல ரஷ்யா கேஸ் குறைஞ்சதும் ஜெர்மனியே நிறுத்தி வச்சிருந்த நிலக்கரி ஆலைகளத் திரும்ப ஓட்டுச்சு. நம்ம நாடு 2021ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுல சொன்ன நெட் ஜீரோ வருசம், அதாவது விடுற புகையும் உறிஞ்சி எடுக்கிற புகையும் சமமாகுற வருசம், 2070. இதெல்லாம் நிலவரம்தான், ஆனா பாதி நிலவரம். வெயிலும் வறட்சியும் ஓட்டு போடாதுன்னு கணக்குல சேக்காம விட்டா அது ரோகாவ் சொன்ன அரசியலே இல்ல, அதுங்க பலமும் பலம்தானே. 2003ல தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்ப ஜெயலலிதா கட்டாயம் ஆக்குனாங்க, அப்ப தண்ணிப் பஞ்சம் வீட்டு வாசல்லயே நின்னுச்சு, அதனால முதல் வேலையா வந்துச்சு.

செட்டிநாட்டு வீட்டுக்கு இதெல்லாம் புதுசில்ல, நாலு பக்க ஓடும் முற்றத்துப் பக்கம் சரிஞ்சு, மழை பெஞ்சா தண்ணி கீழ வச்ச அண்டாவுல விழும், ஆச்சி முதல் தண்ணிய விட்டுட்டு அடுத்ததப் பிடிச்சு வப்பாங்க. கண்மாயும் ஊரணியும் நம்பி இருக்கிற மானம் பாத்த பூமி இது, இங்க நிலவரம்னா மழையும் சேந்ததுதான்.

எழுதும்போது ரியல்பாலிடிக்குக்கு நிலவர அரசியல்னு போடுங்க, நாடுகளுக்கு நடுவுல உள்ள உறவப் பத்திப் பாடத்துல வர்ற ரியலிசம் கோட்பாட்ட மட்டும் யதார்த்தவாதம்னே விட்டுடலாம். டீக்கடை அண்ணன்கிட்டயும் இதத்தான் சொல்லிட்டு வந்தேன்.