டிவிடி காம்போ: தமிழில் வட்டுத் தொலைக்காட்சி

திரையும் டிஸ்க் பிளேயரும் ஒரே உடம்பில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் 'டிவிடி காம்போ'. திரைக்குக் கீழேயோ பக்கவாட்டிலோ டிஸ்க் நுழைய ஒரு வாய் இருக்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு 'டெக் வச்ச டிவி' என்று சொன்னால் சட்டென்று விளங்கும். கல்யாண வீடுகளுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்த காலத்தில், வீடியோ கேசட் ஓட்டும் கருவிக்கு வழங்கிய பெயர் 'டெக்'. கேசட் போய் டிஸ்க் வந்த பிறகும் பலர் வாயில் அந்தச் சொல்தான் நின்றது.

'காம்போ' என்பது 'காம்பினேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அதன் லத்தீன் மூலத்துக்கு 'இரண்டை ஒன்றுசேர்த்தல்' என்று பொருள். 'டெலிவிஷன்' என்ற சொல்லை 1900-இல் பாரிஸில் நடந்த மின்சார மாநாட்டில் கான்ஸ்டன்டின் பெர்ஸ்கி என்ற ருஷ்யர் பயன்படுத்தினார். கிரேக்க 'டெலி'க்குத் தொலைவு, லத்தீன் 'விசியோ'வுக்குக் காட்சி. 'தொலைக்காட்சி' இரண்டு பாதியையும் அப்படியே ஏந்திக்கொண்டு நன்றாக அமைந்துவிட்டது.

சிக்கல் 'டிஸ்க்'கில்தான். கிரேக்கத்தில் 'டிஸ்கோஸ்' என்பது வீசி எறியும் வட்டு. அதே சொல் ஆங்கிலத்தில் இன்னொரு வழியாகப் போய் 'டிஷ்' ஆகி, சாப்பாட்டுத் தட்டைக் குறிக்கிறது. தமிழிலும் இதே உறவு உண்டு: வட்டு, வட்டம், நம் பக்கத்தில் சோறு போட்டுச் சாப்பிடும் வட்டில், மூன்றும் ஒரே குடும்பம். வட்டு பழைய சொல்லும்கூட. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று குறள் சொல்வது, கட்டம் போடாமல் வட்டு உருட்டி ஆடுவதைத்தான். 'குறுந்தகடு' என்பது சிடிக்குச் சரி. 30 செ.மீ. இசைத்தட்டுக்கு எதிரில் 12 செ.மீ. சிடி குறுகியதுதான். ஆனால் டிவிடியும் அதே 12 செ.மீ. என்பதால், அந்தச் சொல் இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஈழத்தில் 'இறுவட்டு' என்கிறார்கள். எனக்குப் பிடித்தது பொதுவான 'வட்டு'. ஓட்டும் பகுதி 'வட்டு இயக்கி', மொத்தப் பெட்டி 'வட்டுத் தொலைக்காட்சி'. 'காம்போ' இரண்டு சேர்ந்தது என்று மட்டும் சொல்கிறது, எந்த இரண்டு என்று இந்தத் தமிழ்ப் பெயர்தான் சொல்கிறது. பழுது பார்க்கும்போது அதுதான் முதலில் தெரிய வேண்டியது.

சிவப்பு விளக்குகூட எரியவில்லையா? பிளக்கில் மின்சாரம் வருகிறது என்றால், இரண்டு பாதிக்கும் பொதுவான மின்வழங்கி (பவர் சப்ளை) போயிருக்கலாம். செட்டாப் பாக்ஸ் படம் தெரிந்து வட்டு மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு இயக்கியில், திரையில் இல்லை. வட்டு சுழலும் சத்தம் கேட்டும் திரையில் புள்ளிதான் தெரிகிறது என்றால், பெரும்பாலும் ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி டிவிடிக்கு மாற்றினாலே போதும்.

'நோ டிஸ்க்' என்று வருவதுதான் இங்கே அதிகம். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்று ஊருக்கு வரும்போது மட்டும் கதவு திறக்கும் வீடுகளில், மாதக்கணக்கில் சும்மா கிடந்த பெட்டியின் லென்ஸில் தூசி படிந்துவிடும். தட்டு வெளியே வரும் மாடல்களில் உள்ளிருக்கும் ரப்பர் பெல்ட் இறுகியோ தளர்ந்தோ போகும். சிடிக்கும் விசிடிக்கும் 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. விசிடி ஓடுகிறது, எந்த டிவிடியும் ஓடவில்லை என்றால், டிவிடிக்கான அந்த லேசர் தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதில் பயனில்லை. துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், பிளேயரின் பிழை திருத்தும் கணக்கால் அதை ஈடுகட்டுவது கடினம்.

வட்டு உள்ளே மாட்டிக்கொண்டால் பிளக்கைக் கழற்றி, சற்று நேரம் விட்டு, மறுபடி போட்டு எஜெக்ட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். கத்தி, கரண்டி எதையும் உள்ளே விடாதீர்கள். படக்குழாய் வைத்த பழைய மாடலாக இருந்தால் பின்மூடியை நீங்களே கழற்றவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து.

அப்புறம், செட்டிநாட்டுக்கே உரிய ஒரு குழப்பம். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி நம் ஊரில் தொலைக்காட்சியாக நன்றாகவே வேலை செய்யும், அங்கேயும் இங்கேயும் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறைதான் இருந்தது. ஆனால் டிவிடிக்கு மண்டல எண் என்று ஒன்று உண்டு. அந்த நாடுகள் 3, இந்தியா 5. அங்கே வாங்கிய பெட்டியில் 5 என்று பூட்டிய வட்டைப் போட்டால் ஓட மறுக்கும். இதைப் பழுது என்று நினைத்து இயக்கியை மாற்றச் செலவழிக்க வேண்டாம். எல்லா மண்டலத்துக்குமான வட்டுகள் தடையில்லாமல் ஓடும்.

வீட்டுக் கல்யாண வட்டுக்கு மண்டலப் பூட்டு இருக்காது. அது மட்டும் ஓடவில்லை என்றால், பதிவு செய்தவர் 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது மற்றக் கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து மூடாமல், விட்டிருக்கலாம், எழுதுவட்டின் (நாமே பதிவு செய்யும் டிஸ்க்) சாயம் வெளிறியும் இருக்கலாம். முன்னது என்றால் பதிவு செய்த கருவியிலேயே முடித்து வாங்கிக்கொள்ளலாம். பின்னது என்றால், இன்னும் கொஞ்சமாவது படிக்கிற கணினி டிரைவ் ஒன்றில் போட்டு, உடனே பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.